நட்சத்திரத்துக்கு இரண்டு ஒயர்

1

இந்தியாவில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது என்று என் மகள் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதியிருக்கிறாள். அவளுடைய டீச்சர் பக்கத்தில் ஒரு சரி போட்டு, 'அருமை' என்றும் எழுதியிருக்கிறார். ஊரில் இருப்பவர்களே, இந்தக் குறிப்பை நான் எழுத உட்கார்ந்ததற்கு அந்த 'அருமை'தான் காரணம். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. கோபம்தான்.

நான் பிறந்தது கொடைக்கானல் மலையில், கூக்காலில். டிசம்பர் காலையில் எங்கள் பூண்டுத் தாள்களின் மேல் உறைபனி உப்புத் தூவின மாதிரி கிடக்கும். ஏரித் தண்ணீரில் முகம் கழுவினால் முகம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இதை மகளிடம் சொன்னேன். நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், எங்கள் வீட்டில் அதுதான் ஏற்பாடு. உறைபனி எல்லாம் குளிர் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டாள். அவள் பெயர் செல்வி. நோட்டுப்புத்தகத்தில் ஷெல்லி என்று எழுதிக்கொள்கிறாள். என்னை மட்டும் என்ன, கருப்பையா என்ற பெயரைச் சொல்ல முடியாமல் ஆலையில் எல்லோரும் கேரி என்கிறார்கள்.

நான் இருப்பது கனடாவில், வடக்கே, மரம் அறுக்கும் ஆலை ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத ஓர் ஊரில். அங்கே மோட்டார்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் வேலை. முக்கியமாகக் குளிரில் மக்கர் செய்யும் மோட்டார்களுக்கு. இந்த வேலையை நான் எங்கே கற்றேன் என்று கேட்டால் கொடைக்கானலில் என்பேன். உடனே சிரிப்பார்கள். இந்தியாவில் குளிரா, கேரி?

நீங்களும் யோக்கியம் இல்லை. உங்களுக்குக் கொடைக்கானல் என்றால் ஏரி, படகு, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அந்தக் குளிரில் காலை ஏழு மணிக்கு ஒரு மிஷினைக் கிளப்ப முயன்றவன் யாராவது உங்களில் உண்டா? நான் முயன்றேன். மூன்று வருஷம். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

2

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு சிறிய கம்பளி நூல் மில் இருந்தது. டூரிஸ்டுகள் வாங்கும் ஸ்வெட்டருக்கும் மப்ளருக்கும் நூல் அங்கிருந்துதான் போகும். முதலாளி ஞானமுத்து ஐயா. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் சாக்பீஸ் பிடிக்கிற மாதிரிதான் பேனாவைப் பிடிப்பார். பொய் சொல்லமாட்டார், பொய் எழுதமாட்டார், எழுதியதை அடிக்கவும்மாட்டார். இப்படிப்பட்ட மனிதரிடம் வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

நான் அந்த மில்லின் எலக்ட்ரீஷியன். திண்டுக்கல்லில் படித்துவிட்டு வந்தவன். நூல் சுற்றும் பெண்கள் பத்துப் பேர். அவர்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவர் பாக்கியம் அக்கா. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். முதலாளியை அவர் 'பெரிய தொரை' என்றுதான் சொல்வார், அவர் காதில் விழாத தூரத்தில். என்னை 'கரண்டு தம்பி' என்பார், ஊருக்கே கேட்கும்படி.

நூற்கிற மிஷினை ஓட்டுவது ஒரு பெரிய மோட்டார். தடித்த நூலுக்கு மெதுவாகவும் மெல்லிய நூலுக்கு வேகமாகவும் அது ஓட வேண்டும். அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்க 'டிரைவ்' என்று ஒரு பெட்டி. ஆள் உயர இரும்பு பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே துணிமணிக்குப் பதிலாகப் பச்சை நிற அட்டைகளும் ஒயர்களும். அந்தக் காலத்தில் மதுரையில்கூட அப்படி ஒன்று நாலு இடத்தில்தான் இருந்திருக்கும். ஐயா கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சொல்லி வரவழைத்திருந்தார்.

செவ்வாய் முதல் சனி வரை பெட்டி ஒழுங்காக ஓடும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஒருமுறை உறுமும், உதறும், நிற்கும். சிவப்பு விளக்கு எரியும். மறுபடி அழுத்தினால் மறுபடி சிவப்பு. பத்து மணிவாக்கில் மேற்குச் சுவர் வரைக்கும் வெயில் வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். கோடையில் இந்த வம்பு கிடையாது. நவம்பரில் ஆரம்பித்துப் பிப்ரவரி வரைக்கும் ஒவ்வொரு திங்களும் இதே கூத்து. பத்துப் பெண்கள் மூன்று மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்ப்பார்கள். அவர்கள் பார்வையில் அந்தப் பெட்டி என் பெண்டாட்டி. அவளுக்கு என்ன குறை என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஐயா மேற்பார்வைக்கு வந்து, பார்த்து, போய்விடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போகிறேன், என்ன குடிக்கிறேன் என்று அக்காவிடம் விசாரித்தார் என்று பின்னால் தெரிந்தது. நான் பீடியைத் தவிர வேறு எதையும் தொடாதவன்.

கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். கடிதம் போட்டு அவர் கிளம்பி, வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் வளைந்து வளைந்து வாந்தி எடுத்து, மேலே வந்து சேரும்போது செவ்வாய் மத்தியானம். காது வரைக்கும் குரங்குக் குல்லா. பல் தந்தியடித்துக்கொண்டிருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்து, ஓட்டிப் பார்த்து, 'பழுது எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்து வெரசாகக் கீழே இறங்கிவிடுவார். திங்கட்கிழமை காலையில் வாருமய்யா என்றால், அதற்கு ஞாயிற்றுக்கிழமை இரவு இங்கே தங்க வேண்டும், அது தன் உடம்புக்கு ஆகாது என்றார். பெட்டியின் உடம்புக்கும் அதுதான் ஆகவில்லை என்று அந்த மனுஷனுக்கு ஏனோ தோன்றவில்லை. மூன்றாவது முறை வந்தபோது அலுத்துப்போய் 'இயக்குபவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இயக்குபவர் நான்தான்.

3

இது வெறும் ரோஷப் பிரச்சினையாக இருந்திருந்தால் இரண்டு நாள் பீடி பிடித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அந்த வருஷம்தான் நான் கனடாவுக்கு மனுப் போட்டிருந்தேன். எல்லாக் காகிதமும் தயார், ஒன்று தவிர. இந்த மாதிரி டிரைவ் பெட்டியை மூன்று வருஷம் திறமையாகப் பராமரித்தவன் என்று முதலாளி ஒரு கடிதம் தர வேண்டும். ஜனவரி முடிவதற்குள் அது டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பூண்டுக் கொல்லைதான். பூண்டின் மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் நாலு அண்ணன்கள், கொல்லை ஒன்றுதான்.

கடிதம் கேட்டுப் போனேன். ஐயா இன்ஜினியர் எழுதிய தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"திறமையானவன்னு நான் எப்படிப்பா எழுதறது? திங்கக்கிழமை திங்கக்கிழமை மில்லு நிக்குது. நான் பொய் எழுதமாட்டேன்."

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். குல்லா போட்டுக்கொண்டு மத்தியானம் வருகிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார், தொடர்ந்து ஆறு திங்கட்கிழமை மிஷின் ஒரு தடவைகூட மக்கர் செய்யாமல் ஏழு மணிக்கு ஓடட்டும், மறுநாள் கடிதம் உன் கையில். அன்று நவம்பர் இரண்டாம் வாரம், மீதி நவம்பர் கோளாறைத் தேடவே சரியாகிவிடும். விரல் விட்டு எண்ணினேன். டிசம்பரில் ஐந்து திங்கள், ஜனவரியில் ஒன்று. நடுவில் ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து, டெல்லிக்கு நேரமில்லை.

அதற்கு முன் செய்த முட்டாள்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். நட்டுகளை முறுக்கினேன், அட்டைகளைத் துடைத்தேன். போன குளிரில் ஒரு திங்கட்கிழமை பாக்கியம் அக்கா வீட்டிலிருந்து கரி அடுப்பைத் தூக்கிவந்து பெட்டியின் கதவைத் திறந்து முன்னால் வைத்தார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுப்பு சும்மா எரிவானேன் என்று அக்கா அதன்மேல் டீக் கெட்டிலையும் ஏற்றினார். ஆவி நேராகப் பெட்டிக்குள் போனது. டப்பென்று ஒரு சத்தம். மோட்டார் புதன்கிழமைதான் ஓடியது. டீ மட்டும் நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் பெண்கள் சேர்ந்து பெட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வந்தார்கள். நிஜமான ஸ்வெட்டர். ஊதாவும் மஞ்சளும், இரண்டு பக்கமும் கை வேறு. "ஒங்க வீட்டம்மாவுக்கு குளுருதுன்னு சொன்னீங்கள்ல" என்று அக்கா அதைப் பெட்டியின் தலையில் மாட்டிவிட்டார். பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆனால் ஐயா ஆறு திங்கள் கேட்ட பிறகு, அந்த ஸ்வெட்டர்தான் எனக்குப் புத்தி சொன்னது. கம்பளி சூட்டை உண்டாக்காது, உள்ளே இருக்கிற சூட்டைத்தான் காக்கும். பெட்டிக்குள் சூடு இருக்கிறதா? செவ்வாய்க்கிழமை காலை மிஷினை ஓட்டுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். அடியில், மூலையில், சுண்டுவிரல் தடிமனில் ஒரு வெள்ளைக் குச்சி. கதகதப்பாக இருந்தது. கம்பெனிக்காரனே வைத்த ஹீட்டர். இரவெல்லாம் எரிந்து பெட்டியை வெதுவெதுப்பாக வைத்திருக்கத்தான் அது. மூக்குக்கண்ணாடி போட்டவர் டீக்கடைக்குள் நுழைந்தால் கண்ணாடி மங்கிப்போகிறதல்லவா? அதேபோல, பெட்டி குளிர்ந்து கிடந்தால் பனிக்காற்றின் ஈரம் அட்டைகளில் முத்து முத்தாகப் படியும். ஈரத்தோடு மின்சாரம் விட்டால் அட்டை உளறும். ஹீட்டர் எரிந்தால் ஈரம் படியாது.

திங்கட்கிழமை காலையில் அதே குச்சியைத் தொட்டேன். பிணம் மாதிரி சில்லென்று இருந்தது.

ஏன் என்று யோசிக்கவே தேவையில்லை. ஐயாவுக்கு ஞாயிறு ஓய்வுநாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே வந்து மெயின் சுவிட்சை இறக்குவார். அதோடு விடமாட்டார். மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார். திங்கட்கிழமை காலை டப்பாவோடு வந்து, ஜெபம் செய்து, கட்டைகளைத் தன் கையால் மாட்டுவார். இரண்டு இரவு, ஒரு பகல், ஹீட்டருக்கு ஒரு சொட்டு மின்சாரம் கிடையாது. இப்படி ஒரு காரணத்தை அந்தக் கோயம்புத்தூர் இன்ஜினியர் ஏழு ஜன்மம் எடுத்தாலும் கண்டுபிடித்திருக்கமாட்டார். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

4

கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஐயாவிடம் ஓடினேன். விஞ்ஞான வாத்தியார், உடனே புரிந்துகொண்டார். பனித்துளி ஏன் படிகிறது என்று எனக்கே பத்து நிமிஷம் பாடம் நடத்தினார். பிறகு, முடியாது என்றார்.

"மாட்டுக்கு ஓய்வு உண்டு, மனுஷனுக்கு உண்டு. மிஷினுக்கும் உண்டு."

"அது வேலை பாக்கலீங்கய்யா. சும்மா குளிர் காயுது. ஞாயித்துக்கெழம நீங்க வீட்ல குளிர் காயிறதில்லையா?"

"காயிறேன். வெறகைச் சனிக்கிழமையே பொளந்து வச்சிருவேன்."

நான் வெளியே வந்து சுவரை ஒரு உதை உதைத்தேன். அப்புறம், சனிக்கிழமையே பிளந்து வைத்த விறகு என்பதைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு வெந்நீர்ப் பைகளைப் பெட்டிக்குள் அடுக்கி, மேலே அந்த ஊதா ஸ்வெட்டரை மாட்டினேன். ஐயாவுக்கு ஆட்சேபம் இல்லை. திங்கட்கிழமை அது பத்து மணிக்குப் பதில் எட்டரைக்கு ஓடியது. கடிதத்துக்கு எட்டரை போதாது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி இந்தக் கனடா ஊர் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே பெரிய எலக்ட்ரீஷியன் லைசென்ஸுக்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் ஒரு கட்டம்: குளிர்ப் பிரதேசத்தில் வேலை செய்த அனுபவம் உண்டா? உண்டு என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் நான் எந்த நாடு என்று பார்த்துவிட்டு, ஏதோ பிள்ளை தெரியாமல் எழுதிவிட்டது என்கிற மாதிரி சிரித்து, தானே அதை அடித்து 'இல்லை' என்று எழுதினாள். நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்டால் வரிசையின் கடைசிக்கு அனுப்புவார்கள் என்ற சட்டமும் அன்றுதான் தெரிந்தது.

அதற்காக நான் பெரிய மேதை என்று நினைத்துவிடாதீர்கள். போன திங்கட்கிழமை முப்பத்துநாலு டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழே. மரக்கட்டைகளை இழுக்கும் சங்கிலியின் டிரைவ் சிவப்பு விளக்கைக் காட்டியது. ஹீட்டர்தான், ஹீட்டரேதான் என்று ஃபோர்மன் வால்ட்டரிடம் அடித்துச் சொன்னேன். மோட்டாருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நம் ஊர் மாதிரியே ஆங்கிலத்தில் வேறு சொன்னேன். பெட்டியைத் திறந்து ஹீட்டரைத் தொட்டால், கை சுட்டுவிட்டது. நாலு மணி நேரம் பெட்டியைக் குடைந்த பிறகுதான் தெரிந்தது, கோளாறு பெட்டியிலேயே இல்லை. மோட்டாருக்கு அடுத்த பல்சக்கரப் பெட்டியில் எண்ணெய் உறைந்து வெல்லப்பாகு மாதிரி கிடந்தது. அதைச் சுற்ற மோட்டார் மூச்சு முட்டியது. முட்டுகிறதே என்று டிரைவ் நிறுத்தியது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கொடைக்கானலில் ஒரு வியாதியைக் குணப்படுத்திவிட்டு, எல்லா நோயாளிக்கும் அதே மருந்தை நீட்டுகிற வைத்தியன் நான். வால்ட்டர் அதன் பிறகு காபி மிஷின் மக்கர் செய்தால்கூடச் சளி பிடித்திருக்கிறது என்கிறான்.

5

மில்லுக்குப் பின்னால் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயில். ஐயா கொடுத்த நிலத்தில் கட்டியது. கோயிலுக்குத் தனி மின்சாரம், தனி மீட்டர். டிசம்பர் முதல் சனிக்கிழமை, மூங்கில் குச்சியும் வண்ணக் காகிதமும் வைத்துச் செய்த பெரிய நட்சத்திரத்தை உள்ளே பல்பு போட்டுத் தொங்கவிடுவார்கள். கோயில் கூரையைவிட மில்லின் கூரை உயரம். அதனால் நட்சத்திரம் தொங்குவது மில்லின் முகப்பில். ஒயர் வருவது கோயிலிலிருந்து. அட்டுவம்பட்டி ரோட்டிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும் என்று ஐயாவுக்குப் பெருமை.

அந்த வருஷம் நட்சத்திரத்தைக் கட்ட ஏணியில் ஏறியவன் நான்தான். ஒயர் கையில் இருந்தது. காற்றுப்போக்கி ஜன்னல் ஒரு முழத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் கோயிலில் மட்டும் பாவம் இல்லை என்பது என் மண்டையில் பல்பு போல எரிந்தது.

ஆம், திருடினேன். ஒரு பல்பு குடிக்கிற அளவு மின்சாரம். நட்சத்திரத்தின் ஒயரிலிருந்து இன்னொரு ஒயரைக் கிளைபிரித்து, ஜன்னல் வழியாக உள்ளே இறக்கி, நுனியில் ஒரு பிளக் மாட்டினேன். சனிக்கிழமை ஐயா டப்பாவோடு போனதும் ஹீட்டரின் பழைய இணைப்பைக் கழற்றிப் புதியதில் செருகுவேன். திங்கட்கிழமை அவர் டப்பாவோடு வருவதற்குள் மாற்றிவிடுவேன். மனசாட்சிக்கு ஈடாகக் கோயிலின் இற்றுப்போன ஒயரிங் முழுவதையும் அந்த மாதம் சும்மா மாற்றிக் கொடுத்தேன். போதகர் என் பக்தியைப் பார்த்து அசந்துபோனார். மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பயல், இப்படி மாறிவிட்டானே என்று.

ஒரு சிக்கல் இருந்தது. மணியடிக்கும் யோசேப்பு தாத்தா நட்சத்திரத்தை ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டுத் தூங்கப் போவார். எனக்கு விடியும்வரை எரிய வேண்டும். பாக்கியம் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். வேறு வழியில்லை, கோயிலைப் பெருக்குவது அவர்தான், ஒயரை எப்படியும் பார்த்துவிடுவார். அக்கா தாத்தாவிடம் போய்க் கேட்டார்.

"ஏசு பொறந்தப்ப நட்சத்திரத்தப் பாத்து சாஸ்திரிகள் வந்தது பகல்லயா ராத்திரியிலயா?"

ராத்திரியில்தான் என்றார் தாத்தா.

"ஒம்பது மணிக்கு நீங்க அணைச்சிட்டா அவுக எங்கிட்டுப் போவாக? பெரியகுளத்துக்கா?"

அன்றிலிருந்து நட்சத்திரம் விடிய விடிய எரிந்தது.

முதல் திங்கட்கிழமை ஏழு மணி. ஐயா ஜெபம் முடித்து ஃபியூஸ் கட்டைகளை மாட்டினார். நான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். மிஷின் பஞ்சுமெத்தையில் படுத்து எழுந்த மாதிரி ஓடியது. பத்துப் பெண்களும் வேலை செய்ய வேண்டியதாகிவிட்ட வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்கள். இரண்டாவது திங்கள் ஓடியது. மூன்றாவது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நாலாவது. வருஷக் கடைசியில் ஐந்தாவது. அன்று காலை தகரக் கூரையில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது, மிஷின் கவலையே படவில்லை. வெந்நீர்ப் பையை எப்படியோ சரியாக அடுக்கக் கற்றுக்கொண்டேன் என்று ஐயா நினைத்திருப்பார் என்று நினைத்தேன். இன்னும் ஒன்று. கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நானே தாளில் எழுதிப் பார்க்க ஆரம்பித்தேன்.

புத்தாண்டுக்கு மறுநாள்தான் அக்கா வந்து என் தலையில் கல்லைப் போட்டார். புது வருஷத்தின் முதல் சனிக்கிழமை நட்சத்திரத்தை இறக்கிவிடுவது ஐயாவின் வழக்கம். ஒரு நாள் பிந்தமாட்டார். ஆறாவது திங்கட்கிழமை அதற்கு மறு மறுநாள்.

அக்கா தன்னால் ஆனதைச் செய்தார். ஏணி கூக்காலுக்குப் போயிருக்கிறது என்று சொன்னார். ஏணி எதற்குக் கூக்காலுக்குப் போக வேண்டும் என்று ஐயா கேட்க, பேரிக்காய் பறிக்க என்றார். ஜனவரியில் பேரிக்காயா என்று ஐயா கேட்டபோது அக்காவுக்குச் சட்டென்று வேலை வந்துவிட்டது. தோட்டத்தில் தேயிலை பறித்த குடும்பம், பழ மரம் எப்போது காய்க்கும் என்று பார்த்தா வைத்திருக்கும்? சனிக்கிழமை வெள்ளனே ஐயா வேறு எங்கிருந்தோ ஏணி வாங்கிவந்து சுவரில் சாத்தினார். நான் ஏறுகிறேன் என்று ஓடினேன். நீ கீழே பிடி என்று சொல்லிவிட்டுத் தானே ஏறினார். எழுபது வயசு. ஒவ்வொரு படியாக ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு என் கனடா ஒவ்வொரு படியாக மேலே போவதைப் பார்த்தேன்.

மேலே போனதும் நின்றார். கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தார், அவிழ்க்கவில்லை. ஒயரைத் தொட்டார். அது பிரிகிற இடத்தைத் தொட்டார். காற்றுப்போக்கி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். நேர் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? அந்தப் பெட்டி அங்கே வைக்கப்பட்டதே அவர் சொல்லித்தான். அக்கா வாசலில் விளக்குமாற்றோடு கல்லாகிவிட்டார்.

"கருப்பையா."

"ஐயா."

"இதுல ரெண்டு ஒயர் போகுது."

"ஆமாங்கய்யா."

"நட்சத்திரத்துக்கு ரெண்டு ஒயர் வேணுமா?"

எனக்கு அழகாகப் பொய் சொல்ல வராது. அசிங்கமாகத்தான் வரும்.

"ரெண்டு இருந்தா நல்லா எரியும்யா."

நாற்பது வருஷம் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த மனுஷரிடம் இதைச் சொன்னேன். அவர் கீழே குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார், நட்சத்திரம் இல்லாமல். கோயில் வாசலில் நின்ற யோசேப்பு தாத்தாவிடம் சொன்னார்.

"பேப்பர் இன்னும் நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நாள் கெடக்கட்டும்."

அன்று சாயங்காலம் வழக்கம்போல ஃபியூஸ் கட்டைகளை டப்பாவில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை மிஷின் ஏழு மணிக்கு ஓடியது.

6

செவ்வாய்க்கிழமை கடிதம் கொடுத்தார். மூன்று வருஷம் வேலை பார்த்தேன், டிரைவ் பெட்டியைப் பராமரித்தேன், நேரம் தவறாதவன் என்றெல்லாம் சரியாக எழுதியிருந்தார். கடைசி வரி இது: 'குளிர்காலத்தில் இயந்திரத்துக்கு ஏற்பட்ட பழுதை இவர் நீக்கினார்; எப்படி நீக்கினார் என்று நான் இவரிடம் கேட்கவில்லை.'

அதை வெட்டிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். நடந்ததைத்தானே எழுதியிருக்கிறேன் என்றார். ஒயரைப் பற்றித்தான் கேட்டார், பழுதை நீக்கியதைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவர் கணக்கு. டெல்லி விசா அலுவலகத்தில் ஒருவர் அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். என் முதலாளி பொய் எழுதமாட்டார் என்றேன். அவர் வேறு யாரிடமோ காட்டி இருவரும் சிரித்தார்கள். பிறகு முத்திரை விழுந்தது. என்னைக் கேலி செய்து சிரித்ததில் எனக்கு லாபம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

மகளிடம் இந்தக் கதையைச் சொல்லி, கட்டுரையைத் திருத்தி எழுது என்றேன். நட்சத்திரம் பிடித்திருந்தது, ஸ்வெட்டர் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் டீச்சர் ஏற்கெனவே அருமை போட்டுவிட்டார், இனி மாற்ற முடியாது என்றாள். எழுதியதை அடிக்காத இன்னொரு பிறவி.

போன வாரம் பாக்கியம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. மில்லுக்கு வந்திருக்கிற புது எலக்ட்ரீஷியனுக்கும் அக்காதான் இரண்டாவது ஒயரைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். மில் நட்சத்திரம் இப்போதெல்லாம் பிப்ரவரி முடியும் வரைக்கும் எரிகிறதாம். மில்லிலேயே இறக்கவில்லை, நாம் மட்டும் ஏன் முந்திக்கொண்டு இறக்குவது என்று நாயுடுபுரத்தில் பாதி வீடுகளில் இறக்குவதில்லையாம். டூரிஸ்டுகள் கேட்டால், அது இந்த மலையின் வழக்கம், பெரியவர்கள் காலத்திலிருந்து இப்படித்தான் என்கிறார்களாம். புதிதாக வந்த போதகர் அதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். மற்ற ஊர்களில் பண்டிகை முடிந்ததும் வெளிச்சத்தை அணைத்துவிடுகிறார்கள், இந்த ஜனங்களோ குளிரும் இருளும் உள்ளவரை அணையாமல் காக்கிறார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினாராம். சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

ஞானமுத்து ஐயா முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாராம். முடிந்ததும் எல்லோரும் அது மெய்யென்று ஆமென் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லையாம்.